விஜயதசமிக்கு முதல் வேலை

எழுபதுகளின் நடுவில் அடையாறில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் கம்ப்யூட்டர் அறையில் எனக்கு வேலை. ஏசியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன் என்று மாம்பலத்தில் எங்கள் தெருவே என்னைக் கேலி செய்யும். உள்ளே நான் படும் பாடு அவர்களுக்கு எங்கே தெரியும்? யாருடைய கணக்கு முதலில், யாருடையது பிறகு என்று இயந்திரத்தை மேய்ப்பது ஆபரேட்டிங் சிஸ்டம். எங்களிடம் இருந்தது பெரிய கணக்கு எதையும் பாதியில் விட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

இதில் அதிகம் அடிபட்டவள் ஓர் ஆராய்ச்சி மாணவி. பட்டினப்பாக்கம் கரையைக் கடல் அரிப்பது பற்றி அவள் ஆய்வு. கணக்கை இயந்திரத்துக்குச் சொல்லும் துளையிட்ட கார்டுகளை அட்டைப்பெட்டியில் அடுக்கி, மந்தைவெளியிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவாள். கணக்கு பாதியில் நிற்கும். மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். தை மாதம் கல்யாணம், மாப்பிள்ளைக்கு வடக்கே வேலை. அதற்குள் முடிக்காவிட்டால் ஆய்வு அவ்வளவுதான் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த வருடம் புதிய சிஸ்டம் டேப்பில் வந்து சேர்ந்தது. இந்தக் கோளாறு அதில் இல்லை என்று கையேட்டில் போட்டிருந்தது. உடனே ஏற்றிவிடலாம் என்று நான் குதித்தேன். எங்கள் தலைவர் மயிலாப்பூர்க்காரர், அசைந்து கொடுக்கவில்லை.

"பழசு படுத்தறதுதான். ஆனா எப்படிப் படுத்தும்னு நமக்குத் தெரியும். புதுசு என்ன பண்ணும்னு யாருக்குய்யா தெரியும்? எங்காத்துல குக்கர் வாங்கி ஒரு மாசம் சாதம் குழைஞ்சுண்டே இருந்தது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிலையம் முழுக்க அந்த ஒரே இயந்திரத்தை நம்பியிருந்ததால் அவர் பயத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. கடைசியில் ஒரு வழிக்கு வந்தார். ஆயுத பூஜைக்கு முன்னால் புதிய சிஸ்டத்தை ஏற்றிவிடுவது. பூஜையன்று யாரும் இயந்திரத்தைத் தொடக்கூடாது. விஜயதசமி காலையில் முதல் வேலையாக அந்தப் பெண்ணின் கணக்கு. ஓடினால் புதுசு, ஓடாவிட்டால் பழசு.

விஜயதசமியன்று அவள் பட்டுப்புடவையில் வந்தாள். இயந்திரத்தை ஓட்டும் எங்கள் ஆபரேட்டர் கார்டுகளை வாங்கி அதில் வைத்தார். அச்சில் ஒரே வரிதான் வந்தது: முதல் கார்டு புரியவில்லை, வேலை ஏற்கப்படவில்லை. மறுபடி வைத்தார். மறுபடி அதே வரி.

"இன்னா சார் இது, புச்சு மொத நாளே மக்கர் பண்ணிக்கினு கீது?" என்றார் ஆபரேட்டர்.

"போறும். பழசையே போடு" என்றார் தலைவர்.

அவள் காலிப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கையேடு எழுதியவனை மனசுக்குள் வைதுகொண்டே முதல் கார்டை உருவி, எங்கள் வழக்கப்படி விளக்குக்கு நேரே பிடித்தேன். வெளிச்சம் வரவேண்டிய துளை ஒன்று அடைபட்டிருந்தது. நகத்தால் சுரண்டினால் மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தேன். சந்தனம்!

"என்னம்மா இது?"

"சரஸ்வதி பூஜையில புஸ்தகத்தோட கார்டுப் பெட்டியையும் வெச்சோம் சார். மேல இருந்த கார்டுக்கு அம்மா பொட்டு வெச்சாங்க."

ஆபரேட்டர்தான் முதலில் சிரித்தார். தலைவர் கார்டை வாங்கிப் பார்த்தார். ஆயுத பூஜைக்கு அந்த அறைக் கதவுக்குச் சந்தனம் வைத்தவரே அவர்தான். பாவம், கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. "வேற கார்டுல துளை போட்டுண்டு வாம்மா" என்று மட்டும் சொன்னார்.

புதிய கார்டோடு கணக்கு ஓடத் தொடங்கியது. வழக்கமாக நின்றுபோகும் இடத்தைத் தாண்டியது. அதன் பிறகும் ஓடியது. கடைசிப் பக்கம் அச்சாகி மடிந்து விழுந்ததும் அவள் அந்தக் காகிதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பழைய சிஸ்டத்தின் டேப்பைத் தலைவர் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

மார்கழியில் ஒரு நாள் அவள் என்னைப் பார்க்க வந்தாள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பெரிய உறை ஒன்றை நீட்டினாள்.

"கல்யாணப் பத்திரிகையா?" என்று கேட்டேன்.

"அது இன்னும் அச்சாகலை சார்" என்றாள். "இது ஆய்வேடு."