நத்தைகள் தப்பிப் போன வியாழக்கிழமை

ஜேர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் நான் வேலை பழகிய கிண்டர்கார்டனில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் பிள்ளைகள் வாக்களிப்பார்கள். அந்த வாரம் எதைப் பற்றிப் படிப்பது என்பதை அவர்கள்தான் தீர்மானிக்க வேண்டும். மூன்று படங்களைத் தரையில் வைப்போம். ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த படத்தின் மேல் ஒரு கூழாங்கல்லை வைக்கும். எனது செயல்முறைத் தேர்வு வந்த வாரத்தில் நான் வைத்த படங்கள் ரயில், பாண், நத்தை. ரயிலுக்கென்று வீட்டில் பாட்டெல்லாம் பழகி வைத்திருந்தேன். நத்தையை வைத்தது மூன்றாவதாக ஏதாவது ஒன்று வேண்டும் என்பதற்காக மட்டும்தான். கற்கள் எல்லாம் போய் நத்தையின் மேல் குவிந்தன.

எனக்கு அப்போது நாற்பது வயது தாண்டியிருந்தது. அதற்கு முன் பல வருடங்கள் ஒரு பேக்கரியில் விற்பனைக்கு நின்றேன். பிள்ளைகளோடு வேலை செய்ய வேண்டும் என்ற ஆசையில், என்னிலும் பாதி வயதுக்காரர்களோடு சேர்ந்து கிண்டர்கார்டன் ஆசிரியைக்கான ‘அவுஸ்பில்டுங்’ என்னும் தொழிற்பயிற்சியில் சேர்ந்தேன். தொழிற்பள்ளியில் பாடம், கிண்டர்கார்டனில் பயிற்சி. பாடங்களைவிட எனக்குப் பெரிய பயம் ஜேர்மன் மொழியில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் வந்து நிற்கும் அந்தச் சின்னச் சொல்தான். மேசைக்கு ‘டேர்’, உட்காரும் வாங்குக்கு ‘டீ’, அலுமாரித் தட்டுக்கு ‘டாஸ்’. அது போதாதென்று, ஒரு பொருள் மேசைக்குக் கீழே இருக்கிறது என்று சொல்லும்போது அந்த ‘டேர்’ மாறி ‘டேம்’ ஆகிவிடும். வாங்குக்குக் கீழே என்றால் ‘டீ’ போய் ‘டேர்’ வரும். பேக்கரியில் கையைக் காட்டிச் சமாளித்துவிடலாம். பிள்ளைகளிடம் அது நடக்காது.

எங்கள் குழுவின் தலைமை ஆசிரியை நேர்மையான மனுசி. முதல் மாதமே என்னைக் கூப்பிட்டு இருத்தி ஜேர்மனில் சொன்னார்.

“பிள்ளையளோடை நீங்கள் நல்ல மாதிரிப் பழகிறியள். அதிலை எனக்குக் குறையில்லை. ஆனா இதுகள் எங்களிட்டை இருந்துதானே பாஷை பழகுதுகள். உங்கடை ஜேர்மன் இப்பிடியே இருந்தா, தேர்வு கஷ்டம்.”

அவர் சொன்னதில் பிழையில்லை. அதனால்தான் சுட்டது.

குழுவில் கண்ணாடி போட்ட ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். நான் வாயைத் திறந்தால் போதும், எங்கிருந்தாவது அவளுடைய குரல் வரும். “அது டீ இல்லை, டேர்!” கேலி செய்வதற்காக அல்ல, கோணலாகக் கிடக்கும் படத்தை நேராக்குவதுபோல அவள் அதைச் செய்வாள். நானோ அவள் பக்கத்தில் நிற்கும்போது சின்னச் சின்ன வசனங்களாகப் பேசப் பழகிக்கொண்டேன்.

வாக்களிப்பு முடிந்ததும் மழையங்கி போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போனோம். வேலியோரம் ஈர இலைகளுக்கடியில் ஓட்டு நத்தைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. எனக்கு உடம்பு கூசியது. கண்ணாடிக்காரி ஒன்றைப் பிடுங்கி, கேளாமலே என் உள்ளங்கையில் வைத்தாள். குளிர்ந்த ஈரம் ஒன்று மெல்ல நகர்ந்தது. பிள்ளைகள் எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கையை உதற ஏலாது. கொஞ்ச நேரத்தில் கொம்புகள் இரண்டும் நீண்டு வந்தன. அவற்றின் நுனியில் கண்கள். கூச்சம் போன இடம் தெரியவில்லை.

ஏழு நத்தைகளைக் கண்ணாடித் தொட்டியில் விட்டு, வலைத்துணியால் மூடி, றப்பர் வளையம் போட்டு இறுக்கினேன். செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் தொட்டியின் அடியில் மல்லாந்து படுத்து நத்தையின் வயிறு அலையலையாக நகர்வதைப் பார்த்தார்கள். புதன்கிழமை கரட் சாப்பிட்ட நத்தையின் கழிவு செம்மஞ்சள் நிறத்தில் வந்தது. அந்தக் கண்டுபிடிப்பை அவர்கள் பக்கத்துக் குழுவுக்கும் சமையலறைக்கும் ஓடிப்போய் அறிவித்தார்கள்.

வியாழக்கிழமை தேர்வு. தொழிற்பள்ளியிலிருந்து வந்த ஆசிரியை உயரமானவர், அதிகம் பேசாதவர். தோல் பையைத் தரையில் வைத்துவிட்டு, பிள்ளைகளின் குட்டிக் கதிரையில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில் எங்கள் தலைமை ஆசிரியை. பிள்ளைகள் வட்டமாக இருந்து காலைப் பாட்டைப் பாடி முடித்தார்கள். நத்தை எதன்மேல் இலகுவாக ஊரும், கண்ணாடியிலா, மணற்கடதாசியிலா என்று பரிசோதிப்பதுதான் என் திட்டம். தொட்டியைத் தூக்கிக்கொண்டுவந்து நடுவில் வைத்தேன்.

உள்ளே இலை மட்டும் கிடந்தது. வலைத்துணி ஒரு மூலையில் விலகியிருந்தது.

தலைமை ஆசிரியை உதவிக்கு எழும்பப் பார்த்தார். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு நான் தரையில் உட்கார்ந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

“பிள்ளையள், நத்தை ஒண்டையும் காணேல்லை. இப்ப என்ன செய்வம்?”

“தேடுவம்!” என்றார்கள் எல்லாரும்.

“அவசரப்பட்டு ஓடினா மிதிச்சுப் போடுவம். முழங்காலிலை தவழ்ந்து தேடுங்கோ. கண்டா தொடக் கூடாது. கையை உயர்த்திப்போட்டு, எங்கை இருக்கு எண்டு முழு வசனத்திலை சொல்லுங்கோ.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. மேலே, கீழே, பின்னாலே. நான் மாதக் கணக்காக ஒதுங்கி நடந்த வசனங்களுக்குள் நானே போய் விழுந்திருந்தேன்.

ஒருநாளும் அடங்காத கூட்டம் மூச்சுக் காட்டாமல் தவழ்ந்தது. சுவரில் மினுங்கும் கோடொன்றை ஒருவன் கண்டுபிடித்தான். கோட்டைப் பிடித்துக்கொண்டே போனவன் கையை உயர்த்தினான்.

“அவுஃப் டேம் ரெகால்!” அலுமாரித் தட்டின் மேலே. எல்லாரும் ஒருமித்துத் திருப்பிச் சொன்னோம். நானும்தான்.

இன்னொரு பிள்ளை வாங்குக்குக் கீழே ஒன்றைக் கண்டு ‘டேம்’ போட்டுச் சொன்னது. கண்ணாடிக்காரி தவழ்ந்தபடியே திருத்தினாள். “உன்டர் டேர் பாங்க்!” அதையும் திருப்பிச் சொன்னோம். திரைச்சீலைக்குப் பின்னால் ஒன்று, சுவரில் மாட்டியிருந்த மழையங்கியில் ஒன்று. ஒவ்வொன்றாக ஆறு நத்தைகள் வந்து சேர்ந்தன. ஏழாவதைக் காணவில்லை. மெத்தைகளைத் தூக்கினோம், சப்பாத்துகளுக்குள் பார்த்தோம். கடைசியில் நான்தான் கண்டேன். தேர்வுக்கு வந்தவரின் தோல் பையில் அது நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது.

விதி எனக்கும் விதிதானே. கையை உயர்த்தினேன்.

“எங்கை? எங்கை?” என்றார்கள்.

யோசிக்கவில்லை. எவருடைய முகத்தையும் பார்க்கவில்லை. “… அன் டேர் டாஷ!” நத்தை பையில் இருக்கிறது என்று முழு வசனமாக, முழுக் குரலில் சொன்னேன்.

நான் கண்ணாடிக்காரியைப் பார்த்தேன். அவள் திருத்த எதுவும் இல்லை. “சரி,” என்று மட்டும் சொன்னாள். அடுத்த நொடி அறை முழுக்க ஒரே ஆரவாரம். அதிகம் பேசாத அந்த உயரமான ஆசிரியையும் பிள்ளைகளோடு சேர்ந்து “அன் டேர் டாஷ!” என்று கத்தினார்.

பிள்ளைகள் சாப்பிடப் போன பிறகு மூவரும் அலுவலக அறையில் இருந்தோம்.

“நத்தையை வேணுமெண்டுதான் விட்டனீங்களோ?” என்று கேட்டார் தேர்வுக்கு வந்தவர்.

“இல்லை. அதுகளாப் போட்டுதுகள்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “இந்த வயசுப் பிள்ளையள் இவ்வளவு நேரம் ஒண்டிலை மனம் வச்சதை நான் கனகாலமாக் காணேல்லை. அதோடை எவ்வளவு வசனம் பேசிச்சினம்!” தேர்வில் இதைவிட உயர்ந்த புள்ளி இல்லை என்னும் புள்ளியை எனக்குப் போட்டுவிட்டுத்தான் போனார்.

தலைமை ஆசிரியை கதவைச் சாத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். “இந்தக் குழுவிலை ஒரு இடம் வரப்போகுது. வேறை ஆரும் எனக்கு வேண்டாம். நீங்கள் நிப்பியளோ?”

“ஓம்” என்று தமிழில் வந்துவிட்டது. அவருக்கு விளங்கியது.

வெளியே வந்து கணவருக்கு அழைத்தேன். அவர் வேலையிடத்தில் இருந்தார்.

“என்னப்பா, எப்பிடிப் போச்சு?”

“நத்தை எல்லாம் ஓடீட்டுது!”

“நத்தை எப்பிடியப்பா ஓடும்?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. “பாஸ் பண்ணீட்டன். நல்லாப் பாஸ் பண்ணீட்டன்,” என்றேன். அவர் அங்கே கூட வேலை செய்பவர்களுக்கு உரத்துச் சொல்வதும், யாரோ கைதட்டுவதும் கேட்டன.

வெள்ளிக்கிழமைகளில் பெற்றோர் வந்து அந்த வாரப் படிப்பைப் பார்ப்பது வழக்கம். பிள்ளைகள் படங்களைக் காட்டவில்லை. நத்தைகளைத் தோட்டத்தில் விட்டுவிட்டு, நான் மடித்துக் கொடுத்த கடதாசி நத்தைகளை அறை முழுக்க ஒளித்தார்கள். பிறகு பெற்றோரைத் தவழச் சொன்னார்கள். அலுவலகச் சட்டையோடு வந்த தகப்பன்மார் மேசைக்கடியில் ஊர்ந்தார்கள். ஒருவர் எதையோ கண்டெடுத்து “இஞ்சை!” என்று கையை நீட்டினார்.

நான் அறையின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். “இஞ்சை எண்டா போதாது,” என்றேன் ஜேர்மனில். “முழு வசனத்திலை சொல்லுங்கோ.”