எண்ணெயில் விட்ட நண்டுகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில், நெட்டுக்குப்பத்துக் கரையில் மீன் வாங்கக் கூட்டம் நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து அவருடைய ஆட்டோ வந்து நிற்கும். மேலே ஒலிபெருக்கி கட்டியிருக்கும். வெள்ளை வேட்டியும் தலையோடு சேர்த்துப் போர்த்திய வெள்ளைத் துண்டுமாக அவர் இறங்குவார். திருவொற்றியூர்க்காரர், ஏதோ கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விளக்குச் சுடரையே தெய்வமாகக் கும்பிடுகிறவர். உயிரைக் கொன்று தின்கிறவன் ஏற்றும் விளக்கைக் கடவுள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார் என்று, என் அம்மா மீன் விற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நின்று மைக்கில் சொல்லுவார்.

அவரைக் கண்டாலே எங்களுக்கு ஆகாது. அம்மா கூடை கழுவிய தண்ணீரை வேண்டுமென்றே அவர் காலடியில் வீசி ஊற்றுவாள்.

"இன்னா சாமி, நாங்க இன்னாத்த துன்றது? காத்தையா?"

"கீரை இருக்கு, பருப்பு இருக்கு தாயி."

"அதெல்லாம் வாங்கணும்னா இந்த மீனு வித்தாவணும். நவுந்து நில்லு, கிராக்கி வருது."

கூட்டம் சிரிக்கும். அவர் கைகூப்பிவிட்டு ஆட்டோவில் ஏறிப் போய்விடுவார். எனக்கு எரிச்சலே அதில்தான். திட்டினால் திருப்பித் திட்டலாம். கும்பிட்டுவிட்டுப் போகிற ஆளை என்ன செய்வது?

நான் அப்போது சாத்தாங்காட்டில் ஓர் இரும்புக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அங்கேயும் நோட்டீஸ் கொடுக்க வந்தார். அவர் போனதும் முதலாளி சொன்னார்: "நல்ல மனுஷன்மா. உங்க குப்பத்துக்கெல்லாம் போறாராமே." அன்று என் டிபன் பாக்ஸில் கருவாட்டுக் குழம்பு. திறக்காமலே வீட்டுக்கு எடுத்து வந்தேன். அன்றிலிருந்து அம்மாவைவிட எனக்குத்தான் அவர் மேல் வெறுப்பு அதிகம்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் வெள்ளத்தோடு ஆலையிலிருந்து எண்ணெய் வந்தது. கழிமுகம் முழுக்கக் கறுப்பு. படகு, வலை, வீட்டுச் சுவர், நாய்களின் கால் என்று எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டது. அப்பாவும் மற்றவர்களும் வெறுங்கையால் மக்கில் மொண்டு மொண்டு பக்கெட்டில் ஊற்றினார்கள். ராத்திரி சோற்றைப் பிசைந்தால் சோறு மண்ணெண்ணெய் வாடை அடித்தது.

அவரும் வந்தார், மைக் இல்லாமல். எண்ணெயில் நனைந்து பறக்க முடியாமல் கிடந்த கூழைக்கடாக்களைப் பிடித்துக் கழுவுவதற்கு. அவரோடு வந்த சிலர் கையில் உறை, முகத்தில் கவசம். பறவைகளைப் படம் எடுக்க ஆட்கள் வந்தார்கள். அப்பாவின் கையை யாரும் படம் எடுக்கவில்லை.

"ஐயா, அந்தப் பக்கம் அலையாத்திப் புதர்ல ஒண்ணு மாட்டிக்கிட்டு இருக்கு. படகுல கூட்டிக்கிட்டுப் போறீங்களா?" என்று அப்பாவிடம் கேட்டார்.

"எங்கூட்டுல அடுப்பு எரியல. பறவைக்குப் படகு கேக்குறியா? போ சாமி, வாயக் கிளறாத."

அவர் கூட வந்தவர்கள் சில நாளில் போய்விட்டார்கள். அவர் மட்டும் தினமும் வந்தார். பறவைக் காலில் சுற்றிய தூண்டில் நரம்பை வெட்ட மடியில் ஒரு சின்னக் கத்தரிக்கோல் வைத்திருப்பார்.

எண்ணெய் வந்ததிலிருந்து எங்கள் மீனை யாரும் தொடவில்லை. வெகுநாள் கழித்து ஓர் ஓட்டல்காரர், நல்ல தண்ணீரில் பிடித்தது என்றால் நண்டு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அப்பா இரவெல்லாம் வடக்கே வெகுதூரம் போய், எண்ணெய் எட்டாத இடத்தில் சேற்று நண்டு பிடித்து வந்தார். கொடுக்குகளைக் கயிறு போட்டுக் கட்டி, ஈரக் கோணியில் போட்டுக் கரையில் வைத்துவிட்டு, டீ குடிக்கப் போனார். அம்மா தராசு எடுக்க வீட்டுக்கு வந்தாள். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் கரைக்கு வந்தபோது கோணி காலியாகத் தரையில் கிடந்தது. அறுந்த கயிறுகள் சிதறிக் கிடந்தன. கடைசி நண்டைத் தண்ணீரில் விட்டுவிட்டு அவர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா போட்ட சத்தத்தில் குப்பமே ஓடி வந்தது. "யோவ்! இன்னா காரியம் பண்ணிக்கினு கீற?"

"மன்னிச்சுக்கோ தாயி. அதுங்க கண்ணைப் பார்த்தேன். மனசு கேக்கல."

"எங்க கண்ணப் பாத்தியா? ஒரு நாளாவது பாத்தியா? இத்தினி நாளா எம்புருசன் முளிச்சிக்கினு கீறாரே, அந்தக் கண்ணப் பாத்தியாய்யா?"

அம்மா அவர் துண்டைப் பிடித்து இழுத்துத் தண்ணீரைக் காட்டினாள்.

"அது தண்ணியா? நல்லாப் பாரு. எண்ணெ! நல்ல தண்ணிலருந்து கொண்டாந்தத எண்ணெயில வுட்டுக் கீறியே, அதுங்க பொயக்குமா? நீதான்யா கொன்னுட்ட!"

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். யாரும் ஒன்றும் சொல்வதற்குள், வேட்டியோடு இறங்கிவிட்டார். இடுப்பு வரை கறுப்புத் தண்ணீர். குனிந்து, சேற்றில் கையை விட்டுத் துழாவினார். கரையில் நின்றவர்கள் கத்தினார்கள், சிரித்தார்கள், ஒருவன் காலி பாட்டிலைத் தூக்கி எறிந்தான். வயசான ஆள், ஏறச் சொல்லலாம் என்று யாரோ சொன்னதற்கு அப்பா, "தேடட்டும் வுடு" என்றார். நானும் போகவேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு நின்று பார்த்தேன்.

வெகுநேரம் கழித்து இரண்டு நண்டுகளோடு மேலே வந்தார். ஒன்று அவர் விரலைக் கவ்விக்கொண்டிருந்தது. அதை உதறாமல் தரையில் உட்கார்ந்து, துண்டின் நுனியால் இரண்டின் மேலும் இருந்த எண்ணெயைத் துடைக்கத் தொடங்கினார். விரலிலிருந்து ரத்தம் ஒழுகியது. அம்மா அந்த நண்டுகளைப் பிடுங்கி முகர்ந்து பார்த்துவிட்டுக் குப்பையில் வீசினாள். எந்த ஓட்டலுக்கும் அவை உதவாது. ஒருவரும் அவருக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுக்கவில்லை.

இனிமேல் குப்பத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லி அனுப்பினார்கள். அவர் வரவும் இல்லை. இரண்டு காலிலும் தோல் வெடித்துப் புண்ணாகி ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்று அவரைக் கூட்டி வந்த ஆட்டோக்காரர் பிறகு சொன்னார். போலீசுக்குப் போகலாம் என்று அவருடைய மகன் குதித்தானாம். வழுக்கி விழுந்துவிட்டேன் என்று டாக்டரிடம் சொல்லி இவர் முடித்துவிட்டாராம். அதைக் கேட்டு அம்மா, "அவுரு பெரிய மனசுல நம்ம வூட்டு உலையா கொதிக்கும்?" என்றாள். எனக்கும் அதேதான் தோன்றியது. அந்த ஓட்டல்காரர் அதற்குப் பிறகு எங்களிடம் நண்டு கேட்கவேயில்லை. அப்பா கொஞ்ச நாள் கண்டெய்னர் யார்டில் காவலுக்குப் போனார்.

போன மாதம் திருவொற்றியூர் பஸ் ஸ்டாப்பில் அவரைப் பார்த்தேன். நாய்களுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். காலில் கறுப்புத் தழும்புகள். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.

"அப்பா நல்லா இருக்காராம்மா? திரும்பக் கடலுக்குப் போறாரா?"

போகிறார். ஆனால் அதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன். ஜன்னலோர சீட் காலியாக இருந்தும் உள்பக்கமாகவே உட்கார்ந்துகொண்டேன்.