நாலு வேம்பும் இரண்டு வீடும்

எங்கள் லண்டன் தெருவில் ஒரு மரத்தில் கடிதம் கட்டியிருந்தார்கள். இதை வெட்டப் போகிறோம், மறுப்பு உள்ளவர்கள் அறிவிக்கலாம் என்று நகரசபை எழுதி, மழை நனைக்காதபடி பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்தது. பக்கத்து வீட்டு மார்கரெட் கையெழுத்துச் சேர்க்க வந்தார். நானும் போட்டேன். "உங்கள் ஊரில் மரம் வெட்டினால் யாரிடம் முறையிடுவீர்கள்?" என்று கேட்டார். "என் மூத்த சகோதரியிடம்" என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

பகிடியல்ல. புத்தளத்தில் எங்கள் குறுகிய ஒழுங்கையில் வீட்டுச் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டித்தான் நிற்கின்றன. வெறுமையாகக் கிடந்தது உம்மா எனக்கும் அந்த மூத்த சகோதரி ராத்தாவுக்கும் எழுதிவைத்த வளவு மட்டும். நாலு வேம்பு, வேலி கிடையாது. வெக்கை ஏறும் மத்தியானங்களில் தகரக்கூரை வீட்டுப் பெண்கள் பாயோடு அங்கே வந்துவிடுவார்கள். எதிர்வீட்டு சுபைதாவுக்கு முட்டு வருத்தம்; சூடான தகரத்துக்குக் கீழே அவளால் மூச்சு எடுக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவள்.

போன வருடம் அவள்தான் போனில் அழைத்தாள். "ராத்தா மரம் வெட்ட ஆள் பேசிட்டாவாம். நீ ஒரு சொல்லுச் சொல்லு, கேப்பா. இந்த ஒழுங்கைக்கு வேற என்ன ஈக்கிது?"

ராத்தாவுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் பேச முடியாது. எனக்கும் வாப்பா அப்படித்தான் கட்டித் தந்தார். அதற்காக வெட்டிய மாதுளைகளைப் பற்றி அன்று நான் யோசிக்கவேயில்லை. அந்த வீட்டை விற்றுத்தான் லண்டனுக்கே வந்தோம்.

"ஒரு மரத்தையாவது விட ஏலாதா, ராத்தா?"

"எங்க விடுற? குசினிக்குள்ள, அடுப்புக்குப் பக்கத்திலயா?" பிறகு சொன்னார்: "நீ பார்க் பார்க்கா நடந்து போட்டோ அனுப்புறாய். எண்ட புள்ளயள் எங்க ஈக்கிற?"

ஊருக்குப் பொதுவாக ஒரு பச்சைத் துண்டு இருந்திருந்தால், இந்த நாலு மரத்துக்காக ராத்தாவும் சுபைதாவும் எதிரெதிரே நிற்க வேண்டி வந்திராது. என் பங்கை ராத்தாவுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அதன்பிறகு சுபைதா அழைத்தபோதெல்லாம் போனை எடுக்கவில்லை.

இந்த வருடம் ராத்தாவின் மூத்த மகளின் கலியாணத்துக்குப் போனேன். சுபைதா வீட்டில் இல்லை. மத்தியானத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள் என்றார்கள். பதறிக்கொண்டு ஓடினேன். வாசலில் நின்ற வாகை மரத்தின் கீழ், சீமெந்துக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தாள். "மருந்துக்கில்ல, நிழலுக்கு" என்றாள். என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன். தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டாள்.

புது வீட்டின் மேல்மாடியில் ராத்தா எனக்கென்று ஓர் அறை கட்டி வைத்திருந்தார். "நீ வந்தா நிக்கிறதுக்கு." யன்னலைத் திறந்தேன். கையை முழுதாக நீட்டுமுன்பே இளைய மகளுக்குக் கட்டிய வீட்டின் சுவர் விரலில் இடித்தது.

"காத்து வருதா?" என்று ராத்தா பின்னால் நின்று ஆசையோடு கேட்டார்.

"ஓம், வருது" என்றேன்.