மூட மறந்த மைக்

என் பீரோவில் புடவைகளுக்கு அடியில் கழுத்து வளைந்த பழைய கம்ப்யூட்டர் மைக் ஒன்று கிடக்கிறது. மருமகள் இரண்டு முறை அதைக் குப்பையில் போடப் பார்த்தாள், நான் விடவில்லை. அது என் கொழுந்தனாருடையது.

இரண்டாயிரத்து ஆறு வாக்கில் அவர் பெரம்பலூரில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். அதன் ஒரு மூலைதான் அவருடைய சொந்த 'ஸ்டேஷன்'. உள்ளங்கை அளவு சர்க்யூட் பலகை, மொட்டைமாடிக்கு ஏறும் ஒரு கம்பி, அவ்வளவுதான். திருகுவதற்குக் குமிழ்கூடக் கிடையாது. அலைவரிசையைப் பிடிப்பதும் இரைச்சலைச் சலித்தெடுப்பதும் கம்ப்யூட்டரிலிருந்த சாஃப்ட்வேரின் வேலை. பிடித்ததை அப்படியே இன்டர்நெட்டில் ஏற்றிவிடுவார். வளைகுடாவில் என் வீட்டுக்காரரும் அறைத்தோழர்களும் நம்மூர் வானொலியைக் கேட்பார்கள். மொத்தமே ஏழெட்டுப் பேர் கேட்கிற ஸ்டேஷனுக்காக அந்த மனிதர் சாப்பாட்டைக்கூட மறந்து உட்கார்ந்திருப்பார்.

செட்டிகுளம் பக்கம் எங்கள் காட்டில் சின்ன வெங்காயம். நான் ஒருத்தியாகவே வெள்ளாமை பார்ப்பதைக் கேள்விப்பட்டு வானொலிக்காரர்கள் வந்து என் பேச்சைப் பதிவு செய்துகொண்டு போனார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பகலில் ஒலிபரப்பு. இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவதா, ஊர் திரும்புவதா என்று என் வீட்டுக்காரர் கம்பெனிக்குச் சொல்ல வேண்டிய வாரமும் அதுதான். போனில் அவர் கேட்கும்போதெல்லாம், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்றே சொல்லிவந்தேன். அழுது வரவழைத்தவள் என்ற பேர் எனக்கு வேண்டாம் என்றொரு வீம்பு.

அன்று கடைக்குப் போனால் கொழுந்தனார் டியூப் லைட், ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வியர்வையில் நனைந்து நின்றார். லைட்டும் மோட்டாரும் ஓடினால் வானொலியில் இரைச்சல் ஏறுமாம். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கும் ஓடினார். "பதினஞ்சு நிமிஷம் மெஷின நிறுத்துங்கண்ணே, எங்க அண்ணி பேசப்போறாங்க." பிறகு இந்த மைக்கில் தன் அண்ணனைக் கூப்பிட்டு, "கேக்குதாண்ணே?" என்று சோதித்தார்.

என் குரல் வந்தது. தனியாகச் செய்வது சிரமமில்லையா என்று அவர்கள் கேட்டதற்கு, "சிரமமெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்று நான் பெருமையாகச் சொல்லியிருந்தேன். அதைக் கேட்டதும் கொழுந்தனார் பக்கம் திரும்பினேன்.

"பொய்யி தம்பி. வெங்காயத்தச் சேத்து வெக்கிற பட்டறையில கொட்டுன அன்னைக்கு மழை புடிச்சுக்கிச்சு. தார்ப்பாய ஒரு முனையில நான் புடிச்சா மறுமுனை பறக்குது. நடுக்காட்டுல உக்காந்து அழுதேன். உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க."

நிகழ்ச்சி முடிந்து திரையைப் பார்த்த கொழுந்தனாரின் முகம் செத்துப்போனது. அவர் மறைத்திருந்தால் எனக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. நேராக என் முன்னால் வந்து நின்றார். "அண்ணி, தப்பு பண்ணிட்டேன். மைக்க மூட மறந்துட்டேன். நீங்க இப்ப பேசுனதும் சேந்து அண்ணனுக்குப் போயிருச்சு."

"தெருவையே நிறுத்தத் தெரிஞ்சுச்சு, இத நிறுத்தத் தெரியலையா?" என்று ஆரம்பித்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். எத்தனையோ கெட்டிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். செய்த தப்பை யாரும் கேட்பதற்கு முன்னால் வந்து சொன்னவர் அவர் ஒருவர்தான்.

நான் திட்டி முடிப்பதற்குள் கடை போன் அடித்தது. என் வீட்டுக்காரர். "கையெழுத்துப் போடல. வந்துடுறேன். மறுமுனைய நான் புடிக்கிறேன்" என்றார். கடையென்றும் பாராமல் அழுதேன்.

வீட்டுக்காரர் இப்போது என்னோடு காட்டில் இருக்கிறார். கொழுந்தனார்தான் இன்று கடல் கடந்து வேலையில். போன வாரம் வீடியோ காலில், "நல்லாயிருக்கீங்களா அண்ணி?" என்று கேட்டார்.

"முட்டி வலி உயிரை எடுக்குது தம்பி. நீங்க?"

"எனக்கென்ன அண்ணி, நல்லாத்தான் இருக்கேன்."

நான் எழுந்து போய், பீரோவைத் திறந்து, இந்த மைக்கை எடுத்து வந்து போனுக்கு முன்னால் பிடித்தேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அங்கே தனியாகப் படுகிற பாட்டையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்.