பெயர் தெரியாத நாய்க்குச் சோறு

ஏற்காடு ஏரியிலிருந்து மேலே ஏறும் பாதையில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன லாட்ஜ் இருந்தது. அங்கே சமையல் அங்கப்பன். மாரமங்கலத்துக்காரர். காடு கரையை அண்ணன்மார்கள் பார்த்துக்கொள்ள, இவர் மீசை முளைக்கும் முன்பே கரண்டி பிடிக்க டவுனுக்கு வந்துவிட்டார். பேச்சு குறைவு. ஆனால் யாராவது தட்டில் சோற்றை மிச்சம் வைத்துவிட்டால் மட்டும் அவரால் சும்மா இருக்க முடியாது. அடுப்படியிலிருந்து துண்டில் கையைத் துடைத்தபடி வந்து நின்று, "ஏனுங்க, புடிக்கலீங்களா?" என்று கேட்பார். கேட்கிற முகத்தைப் பார்த்தே சிலர் மிச்சத்தைத் தின்றுவிடுவார்கள்.

அப்படிப்பட்டவருக்குச் சோறு என்றாலே ஓடுகிற மகள் பிறந்ததுதான் வேடிக்கை. பூவாயி என்று பெயர். அவர் மனைவி அத்தாயி தினமும் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவாள். பலா மரத்தடியில் ஒரு வாய், தண்ணித் தொட்டியருகே ஒரு வாய். சோற்றில் பருப்பும் நெய்யும் விட்டுக் குழையப் பிசைந்து, நெல்லிக்காய் அளவு உருண்டை பிடித்து, "இது மாமனுக்கு, இது அத்தைக்கு, இது மரத்து மேல இருக்கற கொரங்குக்கு" என்று ஒவ்வொன்றாக ஊட்டுவாள். கடைசி உருண்டை அப்பனுக்கு. அதைத்தான் பூவாயி வாங்கவே மாட்டாள். "அப்பனுக்கு வேண்டாம். அப்பன் லாட்ஜுலயே தின்னுக்கும்" என்பாள்.

எழுபத்தைந்தாம் வருஷத்து மழையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. சேலத்துக்குக் கொண்டு போய்விடுங்கள் என்று ஏற்காடு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அத்தாயி மகளைப் போர்த்தி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். அங்கப்பன் உட்காரவில்லை. முன்னால் போய் டிரைவர் பக்கத்தில் நின்றுகொண்டு, "வெரசாப் போங்க சாமி, வெரசாப் போங்க" என்று வழியெல்லாம் கெஞ்சிக்கொண்டே வந்தார். அடிவாரத்தில் பஸ் நின்றதும் அத்தாயி எழுந்து வந்து அவர் கையைத் தொட்டாள்.

"ஏனுங்க, எறங்கிக்கலாம்."

அவர் திரும்பி மகளின் முகத்தைப் பார்த்தார். இறங்கிக்கொண்டார்கள்.

உயிர் போன பிள்ளையைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். அந்த மழையில் மலையேற வேறு வண்டியும் கிடைக்கவில்லை. அத்தாயி முந்தானையை இழுத்து மகளின் தலையை மூடித் தோளில் சாய்த்துக்கொண்டு மேலே போகும் பஸ்ஸில் ஏறினாள். கண்டக்டர் கேட்டதற்கு, "தூங்குதுங்க" என்றாள். பிறகு யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாது என்று வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தாள். "பூவாயி, அங்க பாரு கொரங்கு. பூவாயி, பனி எறங்குது, நல்லாப் போத்திக்க. பூவாயி, ஊடு வந்துருச்சு கண்ணு." அங்கப்பன் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றபடி ஒவ்வொரு வளைவிலும் அதைக் கேட்டுக்கொண்டு வந்தார்.

மண்ணில் வைத்துவிட்டு வந்த பிறகு, அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளவும் இல்லை. சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். வேறு பிள்ளையும் பிறக்கவில்லை.

எட்டு வருஷம் போயிற்று. ஐப்பசி மழை ஓய்ந்து, எதிரில் வருகிற ஆள் தெரியாதபடி பனி மூடுகிற நாட்கள். லாட்ஜுக்கு ஒருவர் தனியாக வந்து தங்கினார். நாற்பது வயதிருக்கும். ஒடிசலான உடம்பு, சாம்பல் நிற ஸ்வெட்டர். கூடவே ஒரு பெட்டை நாய், வெளிர் பழுப்பில், ஒரு காது மடிந்து. அந்த ஆள் கீழே வந்து சாப்பிட மாட்டார். தட்டை அறைக்கே வாங்கிக்கொள்வார். திரும்பி வரும்போது தட்டு துடைத்த மாதிரி இருக்கும். அங்கப்பனுக்கு அதில் ஒரு நிறைவு.

மூன்றாம் நாள் காலையில் நாயைக் கட்டில் காலில் கட்டிவிட்டு, கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று மேனேஜர் ராஜேந்திரனிடம் சொல்லிவிட்டுப் போனார். வாசலைத் தாண்டி நாலடி வைத்ததும் பனிக்குள் மறைந்தார். பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. போலீஸும் எஸ்டேட் ஆட்களும் சரிவுகளில் இறங்கித் தேடினார்கள். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. அவர் கொடுத்திருந்த விலாசத்தில் அப்படி ஓர் ஆளே இல்லை என்று தெரிய வந்தது. போலீஸ்காரர்கள் பையை எடுத்துக்கொண்டார்கள். நாயை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

"அவுத்து உட்டுருங்க அங்கப்பண்ணா. எங்காச்சும் போய்ப் பொழச்சுக்கும்" என்றார் ராஜேந்திரன்.

அவிழ்த்துவிட்டார். அது போகவில்லை. பூட்டிய அறைக்கு முன்னால் படுத்துக்கொண்டது. ரொட்டி வைத்தார், தொடவில்லை. குழம்புச் சோறு வைத்தார், ஈ மொய்த்தது. வேலை முடிந்து கிளம்பும்போது அந்தத் தட்டைத் தாண்டிப் போக அவருக்குக் கால் வரவில்லை. கயிற்றைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அத்தாயிக்குப் பிடிக்கவில்லை. "ஆளு காணாமப் போன எடத்துல இருந்து எதுக்குங்க இதக் கொண்டாந்தீங்க?" என்றாள். ஆனாலும் மூலையில் ஒரு சாக்கை விரித்துப் போட்டாள்.

அன்றிலிருந்து அங்கப்பன் அந்த நாய்க்காகச் சமைத்தார் என்றே சொல்ல வேண்டும். பால் சோறு வைத்தார். எலும்பை வேகவைத்துச் சாறு விட்டுப் பிசைந்து வைத்தார். கருவாட்டைச் சுட்டு நுணுக்கி மேலே தூவினார். முட்டை, டீயில் நனைத்த பன், களி உருண்டை. நாய் எழுந்து வரும், மரியாதைக்கு மோந்து பார்க்கிற மாதிரி மோந்து பார்க்கும், முகத்தைத் திருப்பிக்கொண்டு சாக்குக்குப் போய்விடும். தண்ணீர் மட்டும் குடித்தது. விலா எலும்பு ஒவ்வொன்றாக வெளியே தெரிய ஆரம்பித்தது.

கால்நடை டாக்டர் பார்த்துவிட்டு நோய் ஒன்றும் இல்லை என்றார். "பழகுன ஆளு பேரச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் சில நாய் திங்கும். பேரு என்ன?"

அங்கப்பனுக்குத் தெரியவில்லை. ராஜேந்திரனுக்கும் தெரியவில்லை. அந்த ஆள் நாயோடு ரகசியம் பேசுகிற மாதிரிதான் பேசுவாராம். தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் போன இடம் தெரியவில்லை.

லாட்ஜில் மதியச் சாப்பாடு முடிந்ததும் அங்கப்பன் வீட்டுக்கு வந்து, வாசலில் குத்த வைத்து உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த நாய்ப் பெயர்களையெல்லாம் சொல்லிப் பார்த்தார். ஜிம்மி. ராணி. ரோசி. டெய்சி. மணி. ஒவ்வொரு பெயருக்கும் நாயின் மடிந்த காது லேசாக எழும். அதுவாக இருக்குமோ என்று அதுவும் யோசிப்பது போல் இருக்கும். பிறகு காது விழுந்துவிடும். சொல்லச் சொல்ல அவருக்கு உடம்பு சில்லிட்டது. பனிக்குள் நடந்து போன ஒருவரைத் தான் பின்னாலிருந்து தப்புத் தப்பான பெயர்களில் கூப்பிட்டுக்கொண்டிருப்பதாகத் தோன்றியது.

இப்படியே போனால் இரண்டொரு நாளில் செத்துவிடும் என்றிருந்த நிலையில், ஒரு மதியம் அவர் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். பனி காப்பிச் செடிகள் வரைக்கும் இறங்கியிருந்தது. வீடு கண்ணுக்குத் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது.

"இது மாமனுக்கு. ஆ காட்டு. இது அத்தைக்கு. ஓடாத, இந்தா. பூவாயி, இங்க பாரு. இது கொரங்குக்கு."

அங்கப்பன் அப்படியே நின்றுவிட்டார். எட்டு வருஷத்துக்கு முந்தைய மதியம் ஒன்று பனிக்குள் அப்படியே நடந்துகொண்டிருப்பதாக ஒரு கணம் நினைத்தார். கிட்டே போனால் கலைந்துவிடுமோ என்று பயம். கிட்டே போகாமல் இருக்கவும் முடியவில்லை. பலா மரத்தடியில் அத்தாயி கையில் கிண்ணத்தோடு குனிந்து நின்றாள். நாய் அவள் விரல்களிலிருந்து உருண்டையை வாங்கி மென்றுகொண்டிருந்தது.

அவரைப் பார்த்ததும் அத்தாயி நிமிர்ந்தாள். "தின்னுருச்சுங்க" என்றாள். முகம் வெளுத்திருந்தது. "அடம் புடிச்சுதேன்னு பருப்புஞ்சோறு பெசஞ்சு சுத்திச் சுத்திக் கொண்டாந்தனுங்க. வாயில தானா வந்துருச்சு. நானாச் சொல்லலீங்க."

"நாய்க்கா அந்தப் பேரு?" என்றார் அங்கப்பன். வந்த வழியே திரும்பி லாட்ஜுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்த நாய் அந்தப் பெயருக்குத்தான் தின்றது. பெயரா, அத்தாயியின் குரலா, கை ருசியா என்பது யாருக்கும் தெரியாது. வேறு எப்படி வைத்தாலும் தொடாது. அத்தாயி தினமும் இரண்டு வேளை அந்தப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றினாள். பக்கத்து வீட்டு ராசம்மாளுக்கு அது கேட்டது. அவள் வேலியோரம் வந்து எச்சரித்தாள்.

"வேண்டாம் அத்தாயி. செத்த புள்ள பேரச் சொல்லித் தெனமும் கூப்புட்டீன்னா, நெசமாவே வந்து நின்னுரும்."

"வந்தா நிக்கட்டும்க்கா" என்றாள் அத்தாயி.

அங்கப்பன் மதியத்தில் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார். லாட்ஜ் சமையல்கட்டில் மூட்டைமேல் தலை சாய்த்துக் கிடப்பார். அங்கேயும் விடவில்லை. அடுப்பு அணைந்து, பாத்திரச் சத்தம் ஓய்ந்ததும், "ஊடு வந்துருச்சு கண்ணு" என்று அந்தப் பஸ் குரல் காதுக்குள் கேட்க ஆரம்பித்துவிடும். சாப்பாட்டில் உப்பு மறந்தது. யாரோ பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனபோது அவர் எழுந்து வந்து கேட்கக்கூட இல்லை. ராஜேந்திரனே கவனித்துவிட்டு, "ஒடம்பு ஏதும் சரியில்லீங்களாண்ணா?" என்று விசாரித்தார்.

மார்கழியில் அத்தாயியின் அண்ணன் மனைவிக்கு முடியாமல் போய், அவளுக்கும் பிறந்த ஊரான மாரமங்கலத்துக்கு அத்தாயி போக வேண்டி வந்தது. "நாயப் பாத்துக்கங்க" என்றாள். எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

முதல் நாள் அவர் தட்டில் வைத்துவிட்டுப் போன சோறு அப்படியே காய்ந்து கிடந்தது. மறுநாளும் அதே கதை. நாய் சாக்கில் படுத்தபடி அவரையே பார்த்தது. ஒடுங்கின வயிறு ஏறி இறங்கியது. அங்கப்பன் பருப்பை வேகவைத்து, நெய் விட்டுப் பிசைந்து, கிண்ணத்தோடு பலா மரத்தடிக்கு வந்தார். வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் முயன்றார்.

"பூவாயி."

அவருடைய குரலே அவருக்கு அந்நியமாக இருந்தது. நாய் எழுந்து வாசலுக்கு வந்து நின்றது. "வா. இது மாமனுக்கு." நாய் வாங்கிக்கொண்டது. "இது அத்தைக்கு. பூவாயி, இது கொரங்குக்கு." நடுநடுவே நிற்க வேண்டியிருந்தது. கிண்ணத்தில் கடைசியாக ஓர் உருண்டை மிஞ்சியது. அதை யாருக்கு என்று சொல்ல அவரால் முடியவில்லை. உள்ளங்கையில் வைத்து நீட்டினார். நாய் அதையும் தின்றுவிட்டு, கையை நக்கிச் சுத்தம் செய்தது. அங்கப்பன் ஈர மண்ணில் உட்கார்ந்து, ஓடுகள் மேலிருந்து பனி சொட்டுகிற சத்தம் தவிர வேறு எதுவும் கேட்காத அந்த வாசலில், சத்தம் போட்டு அழுதார். மகள் போனபோதும் அவர் அப்படி அழுததில்லை.

அத்தாயி திரும்பி வந்ததும் முதலில் நாயின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள்.

"தின்னுச்சுங்களா?"

"தின்னுச்சு."

"எப்புடீங்க?"

"கூப்புட்டேன்."

அத்தாயி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அங்கப்பன் கேட்டார்.

"அன்னிக்கு பஸ்ஸுல, எந்த எடத்துலன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க. பாதி மலைகூட எறங்கலீங்க. மடியில ஒரு தூக்கு தூக்கிப் போட்டுச்சு. அவ்வளவுதான்."

"பாதி மலையிலயா? அப்பவே ஏன் சொல்லல?"

"நீங்க முன்னாடி நின்னு அந்த டிரைவரக் கும்புட்டுக் கெஞ்சிட்டு இருந்தீங்க. அதப் பாத்துட்டு எப்புடிங்க சொல்லட்டும்? அடிவாரம் வரைக்கும் உங்களுக்காச்சும் புள்ள உசுரோட இருக்கட்டும்னு உட்டுட்டேன்."

அத்தனை வளைவுகளிலும் தனியாக அவள் அதைச் சுமந்துகொண்டு இறங்கியதை அங்கப்பன் இவ்வளவு காலம் தெரியாமல் அவளோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறார். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அன்று அவர்கள் மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். என்ன சொல்வாள், எப்படி ஓடுவாள், மழைக்கு எங்கே ஒளிவாள் என்று. பிறகு அந்தப் பேச்சு நிற்கவேயில்லை.

நாய் அந்த வீட்டில் நன்றாகவே வாழ்ந்தது. சாப்பாட்டு அடம் மட்டும் கடைசி வரை போகவில்லை. லாட்ஜில் தங்கின ஆளைப் பற்றி எந்தத் தகவலும் வரவில்லை. அவர் அறையை வழக்கம்போல் வாடகைக்கு விட்டார்கள்.

பனி இறங்கும் நாட்களில் நாய் சில சமயம் வேலிப் படலருகே போய் நின்றுகொண்டு, பாதையைப் பார்த்து வாலை ஆட்டும். குரைக்காது. தெரிந்தவர் வந்தால் ஆட்டுகிற மாதிரி ஆட்டும். பாதையில் யாரும் இருக்க மாட்டார்கள். ஒருமுறை அங்கப்பன் பொறுக்க முடியாமல் எழுந்து, பனியின் வெள்ளையைப் பார்த்து, "யாருங்க?" என்று குரல் கொடுத்தார்.

உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த அத்தாயி, "யாருன்னு கேக்காதீங்க. வாங்கன்னு சொல்லுங்க" என்றாள்.

அங்கப்பன் படலைத் திறந்து வைத்துவிட்டு, உலையில் இன்னும் ஒரு பிடி அரிசி சேர்த்துப் போடச் சொன்னார்.