எழுப்பச் சொன்னவர்

உட்கார்ந்தபடி தூங்குகிறவர்களை அம்மாவால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. கட்டிலில் படுத்துத் தூங்கினால் ஒன்றும் சொல்ல மாட்டாள். நாற்காலியிலோ சோபாவிலோ தலை சாய்ந்துவிட்டால் போதும், பக்கத்தில் வந்து நின்று இரண்டு விரலால் தோளைத் தொடுவாள். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைக்காட்சியில் சைக்கிள் பந்தயம் பார்த்தபடியே கண்ணயர்வார்.

"என்னடி, வீடு பத்திக்கிச்சா?"

"இல்ல. முழிச்சிருக்கீங்களான்னு பாத்தேன்."

"இப்ப முழிச்சாச்சு. திருப்தியா? யாரு ஜெயிச்சான்னு அதையும் நீயே சொல்லிடு."

ஒருமுறை பெல்ஜியத்தில் எங்கள் ஊரான வெர்வியேயில், பேருந்தில், முன்பின் தெரியாத ஒரு பெரியவரையே எழுப்பிவிட்டாள். அவர் திட்டிய திட்டில் நான் எங்கள் நிறுத்தத்துக்கு முன்பாகவே இறங்கி நடந்தேன். அப்போது எனக்குப் பதினேழு வயது. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருந்தும் வெட்கப்பட்டேன்.

அம்மாவின் பெயர் ஜோசியான் ரென்சோனே. கொலோனிலிருந்து பாரிஸ் போகும் அதிவேக ரயிலில் முதல் வகுப்புப் பெட்டியில் உணவு பரிமாறும் வேலை, இருபத்தாறு வருடம். பெட்டி மணிக்கு முந்நூறு கிலோமீட்டரில் போகும்போது சூப்புக் கிண்ணத்தை விளிம்பு நனையாமல் கொண்டுபோய் வைப்பாள். கால் முட்டியை இறுக்கமாக வைக்கக் கூடாது, அவ்வளவுதான் என்பாள். வீட்டிலும் காபியைக் கோப்பை முட்ட ஊற்றிக்கொண்டு மாடிப்படி ஏறுவாள்; ஒரு சொட்டு சிந்தாது. ஆனால் அந்த அகலமான நாற்காலிகளில் ஒருநாள்கூட அவள் பயணியாக உட்கார்ந்ததில்லை.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அவள் பெயரில் ஒரு புகார்க் கடிதம் வந்தது. சாப்பாட்டுக்காகத் தன்னை எழுப்பிவிட்டாள், போன தூக்கம் திரும்ப வரவில்லை என்று ஒரு பயணி எழுதியிருந்தார். மேலாளர் கூப்பிட்டுச் சொன்னார்:

"முதல் வகுப்புல அவங்க பணம் கட்டறது சாப்பாட்டுக்கு இல்ல ஜோசியான். யாரும் தொந்தரவு பண்ணாம இருக்கறதுக்கு. தூங்கறவங்கள எழுப்பாதே. புரிஞ்சுதா?"

கூட வேலை பார்த்த யோஹான் ஆண்ட்வெர்ப் பக்கத்து ஆள். அன்று முழுக்க அம்மாவை விடவில்லை. "வழி விடுங்க, அலாரம் கடிகாரம் வருது," என்று வண்டியைத் தள்ளிக்கொண்டே கேலி பேசினான்.

மூன்று வாரம் கழித்து, நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஜெர்மன் எல்லையோரத்து ஆஹன் நிலையத்தில் ஒரு ஜெர்மன்காரர் ஏறினார். சாம்பல் நிறக் கோட்டு, கையில் பாதி நிரப்பிய குறுக்கெழுத்துப் போட்டி. ஜன்னலோரத்து ஒற்றை இருக்கை, எண் இருபத்து மூன்று. அம்மா காபி கொண்டுபோனபோது வேண்டாம் என்று கையை அசைத்தார்.

"கொஞ்சம் தூங்கப் போறேன். சாப்பாடு வந்தா எழுப்பிடுங்க. எவ்வளவு அசந்து தூங்கினாலும் எழுப்பிடுங்க."

பிரெஞ்சு பேசும் அம்மாவுக்குத் தெரிந்தது ரயிலில் பழகிய ஜெர்மன்தான். இதற்கு அது போதும். "கண்டிப்பா எழுப்பறேன் சார்," என்றாள்.

பிரஸ்ஸல்ஸ் தாண்டியதும் சாப்பாடு ஆரம்பமானது. அம்மா தட்டோடு போய் நின்றபோது அவர் கோட்டைப் போர்த்திக்கொண்டு தலையை ஜன்னல் பக்கம் சாய்த்திருந்தார். அம்மா கையை நீட்டினாள். தோளுக்கும் விரலுக்கும் நடுவே ஒரு கையகல இடைவெளிதான். பின்னால் வண்டியோடு நின்ற யோஹான் மெதுவாகச் சொன்னான்:

"விடு. எப்படித் தூங்கறார் பாரு. இன்னொரு கடிதம் வேணுமா உனக்கு?"

அம்மா கையை எடுத்துக்கொண்டாள். தானே விழித்ததும் கொடுக்கலாம் என்று இரண்டு ரொட்டியைத் துணியில் சுற்றி வண்டியின் கீழ்த்தட்டில் வைத்தாள். கோட்டு நழுவியிருந்தது, அதை மேலே இழுத்துவிட்டாள். பிறகு ஒருமுறை கடந்து போனபோது வெளியே சர்க்கரை பீட்ரூட் வயல்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் அசையவில்லை. நல்ல தூக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

பாரிஸில் எல்லோரும் இறங்கிய பிறகும் இருபத்து மூன்றில் அவர் இருந்தார்.

மாரடைப்பு என்றார் மருத்துவர். எப்போது என்று கேட்டதற்கு ஒரு மணி நேரம் இருக்கலாம், கூடவோ குறையவோ இருக்கலாம் என்றார். அம்மா தட்டோடு நின்ற நிமிடம் அந்தக் கணக்கில் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று யாராலும் சொல்ல முடியாது. பிறகு ஒரு படிவம் கொடுத்தார்கள். 'பயணி உங்களிடம் ஏதாவது கேட்டாரா?' என்று அதில் ஒரு வரி. அம்மா 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அதற்குப் பிறகும் அதே பெட்டி, அதே வேலை. ரொட்டி பரிமாற ஆரம்பிக்கும்முன் இரண்டைத் துணியில் சுற்றிக் கீழ்த்தட்டில் வைப்பது நிற்கவில்லை. யோஹான் கேலி செய்வதை நிறுத்திவிட்டான். பயணம் முடிந்ததும் அந்த ரொட்டியை அவனே எடுத்துக் குப்பையில் போடுவான். அம்மா தொட மாட்டாள். இருபத்து மூன்றில் மாணவர்கள், வழக்கறிஞர்கள், கைக்குழந்தைக்காரிகள் என்று யார் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். "யாரு உக்காந்தாலும் அவர் மேலதான் உக்கார்றாங்க," என்று அம்மா ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். அப்பா செய்தித்தாளைத் தாழ்த்திப் பார்த்துவிட்டு மறுபடி உயர்த்திக்கொண்டார்.

பிப்ரவரியில், 'அன்று அந்தப் பெட்டியில் பரிமாறியவருக்கு' என்று பெயர் போடாமல், ஜெர்மன் மொழியில் ஒரு கடிதம் அலுவலகம் வழியாக வந்தது. நான் பள்ளியில் மூன்று வருடமாக ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தேன். சமையலறை மேசையில் அகராதியை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்துச் சொன்னேன். எழுதியவர் இறந்தவரின் மனைவி, ரோஸ்விதா எல்லர்ஸ். தான் யாரையும் குறை சொல்லவில்லை என்று ஆரம்பித்திருந்தார். என் கணவர் ஹார்ட்முட்டோடு கடைசியாகப் பேசியது நீங்கள்தான் என்று தெரிந்துகொண்டேன். அவர் என்ன சொன்னார் என்று மட்டும் எழுதுங்கள். 'காபி' என்ற ஒரு சொல்லாக இருந்தாலும் எனக்குப் போதும்.

அம்மா மேசைத்துணியின் ஓரத்தை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"அவர் ஏதாவது சொன்னாராம்மா?" என்று கேட்டேன்.

அன்றுதான் நடந்ததை எல்லாம் என்னிடம் சொன்னாள்.

"அவர் கடைசியா சொன்னது என்ன எழுப்புங்கன்னு. அத எழுதினா, நான் எழுப்பலைன்னும் எழுதணும் லூடி. ஒண்ணை விட்டுட்டு இன்னொண்ண எழுத முடியாது."

"வேற ஏதாவது எழுதலாமே?"

"எழுதிப் பாரு. நீதான் படிக்கறவ."

எழுதினேன். காபி நன்றாக இருக்கிறது என்று சொன்னார், அமைதியாகத் தூங்கினார் என்று. நான் பிரெஞ்சில் படித்துக் காட்டியதும் அம்மா வாங்கி இரண்டாகக் கிழித்தாள். "அவர் காபியே குடிக்கல."

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். பக்கத்து நகரமான லியேஜில் ஜெர்மன் மொழியே படித்தேன். ஒவ்வொரு வருடமும் அந்தப் பதில் கடிதத்தைப் புதிதாக எழுதிக்கொண்டு வருவேன். என் ஜெர்மன் வளர வளரப் பொய்யும் அழகானது. ஜன்னல் வெளிச்சத்தைப் பற்றி ஒரு வாக்கியம் இருந்தது. பேராசிரியரிடம் காட்டியிருந்தால் பாராட்டியிருப்பார். அம்மா ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டுக் கிழித்தாள். நான் அவளுக்கு உதவுகிறேன் என்றுதான் அப்போது நினைத்தேன். படிப்பு என்பது சொல்ல வேண்டியதைச் சுற்றிக்கொண்டு போகிற திறமை மட்டும்தானா என்று கேட்டுக்கொண்டது வெகு நாள் கழித்து.

இரண்டாயிரத்துப் பதினொன்று ஏப்ரலில் படிப்புக்காக நான் பாரிஸ் நூலகம் ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது. இடம் காலியாக இருந்தால் ஊழியர் குடும்பத்தை முதல் வகுப்பில் உட்காரவிடுவார்கள். லியேஜில் ஏறினேன். மேசை விளக்கு, துணி நாப்கின், கேட்காமலே கையில் தரப்பட்ட செய்தித்தாள். செருப்பில் சேறு இருக்கிறதா என்று இரண்டு தடவை குனிந்து பார்த்தேன். அம்மா என்னிடமும் "என்ன குடிக்கறீங்க மேடம்?" என்று கேட்டுவிட்டு ஒரு கண்ணை மட்டும் சிமிட்டினாள்.

எனக்கு இரண்டு வரிசை முன்னால், இருபத்து மூன்றில், வெள்ளைத் தலை ஒன்று தெரிந்தது. ஆஹனில் ஏறியவர்போல. அம்மா அவரிடம் போனதும் அவர் நிமிர்ந்து பார்த்து ஜெர்மனில் பேசினார். பெட்டியில் சத்தமே இல்லை. எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"நீங்க இந்த ரயில்ல ரொம்ப வருஷமா இருக்கீங்களா?"

"ஆமாம் மேடம்."

"மூணரை வருஷம் முன்னாடி, நவம்பர்ல, என் வீட்டுக்காரர் இந்த இருக்கையில இறந்துட்டார். அன்னைக்கு யார் வேலையில இருந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? கடிதம் போட்டேன், பதில் வரல."

அம்மாவின் கையில் காபிக் குடுவை இருந்தது.

"தெரியாது மேடம். எனக்கு அன்னைக்கு லீவு."

சொல்லிவிட்டு அம்மா தலையைத் தூக்கினாள். இருக்கைகளுக்கு மேலாக என்னை நேராகப் பார்த்தாள். நான் செய்தித்தாளை உயர்த்திக்கொண்டேன்.

பிரஸ்ஸல்ஸ் தாண்டியது. ரோஸ்விதா எல்லர்ஸ் ஜன்னலில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். தூங்கினாரா, தூங்குவதுபோல இருந்து பார்த்தாரா, எனக்குத் தெரியாது. அம்மா தட்டோடு வந்து நின்றாள். ரயில் சிறிதாக ஆடியது. தட்டிலிருந்த கண்ணாடிக் குவளை கிண்கிண் என்று ஒலிக்க ஆரம்பித்தது. அவள் தட்டில் சத்தம் வந்து நான் கேட்டதே இல்லை. பிறகு இரண்டு விரலால் அந்தத் தோளைத் தொட்டாள்.

"மேடம், சாப்பாடு."

அவர் கண் திறந்து சிரித்தார். "நல்லவேளை எழுப்பினீங்க. ஹார்ட்முட் இருந்தா உங்கள மெச்சியிருப்பார். போர் முடிஞ்ச வருஷம் சின்னப் பையனா இருந்தப்ப ஒருநாள் அசந்து தூங்கிட்டாராம். எழுந்து பாத்தா பானை காலி. அண்ணனுங்க எல்லாத்தையும் தின்னுட்டாங்க. அதுலருந்து எங்க போனாலும், யாருகிட்டயும், 'சாப்பாடு வந்தா எழுப்பிடுங்க'ன்னு சொல்லி வைப்பார். எங்கிட்டகூட, நாப்பது வருஷமா." பிறகு கேட்டார்: "அன்னைக்கும் அப்படிச் சொல்லியிருப்பார், இல்ல?"

ஆமாம் என்று ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அவரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டார். அவர் கேட்டது அது உண்மையா என்று மட்டும்தான்.

அம்மா ரொட்டி எடுக்கும் இடுக்கியைக் கையில் எடுத்தாள்.

"வெள்ளை ரொட்டியா, கறுப்பு ரொட்டியா மேடம்?"

அவர் சற்று நேரம் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு "கறுப்பு," என்றார்.

பாரிஸ் நடைமேடையில் அவர் ஒரு சிறிய பெட்டியை இழுத்துக்கொண்டு கூட்டத்தில் போவதைப் பார்த்தபடி நின்றோம்.

"ஏம்மா சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?" அம்மா சீருடையின் கழுத்துப் பட்டியை அவிழ்த்தாள். "ரெண்டு வரிசை பின்னாடிதான உக்காந்திருந்த. என்னைவிட நல்ல ஜெர்மன் பேசறவ."

கையிலிருந்த செய்தித்தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

அதற்குப் பிறகு நான் பதில் கடிதம் எழுதிக்கொண்டு போகவில்லை, அவளும் கேட்கவில்லை. பல வருடம் கழித்து ஓய்வு பெற்றாள். ஓய்வு நாளில் கம்பெனி பாரிஸுக்கு இரண்டு முதல் வகுப்புப் பயணச்சீட்டு பரிசாகக் கொடுத்தது. அப்பா கேட்டுக் கேட்டுப் பார்த்தார். "எந்த இருக்கைன்னு யாருக்குத் தெரியும்?" என்று சொல்லித் தட்டிக்கழித்தாள். சீட்டு காலாவதியானது. போன மார்ச்சில் நுரையீரல் நோயால் இறந்துபோனாள். கடைசி வாரத்தில் மருத்துவமனையில் திடீரென்று, "அந்த அம்மாவுக்குத் தெரியும் லூடி. நான் ரொட்டி கேட்டப்பவே தெரிஞ்சுபோச்சு," என்றாள்.

"அப்ப எழுதிடலாமா?"

"தெரிஞ்சுக்கறது வேற, நான் சொல்றது வேற. நான்தான் சொல்லணும்," என்றாள். எழுது என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இப்போது ஆஹனில்தான் வேலை பார்க்கிறேன், நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக. பிறர் சொல்வதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் இன்னொரு மொழியில் சொல்வதாகச் சத்தியம் செய்திருக்கிறேன். கடிதத்தில் இருந்த ரோஸ்விதா எல்லர்ஸின் தெரு அலுவலகத்திலிருந்து பத்து நிமிட நடை. இரண்டு முறை போனேன். அழைப்பு மணிக்குப் பக்கத்தில் எல்லர்ஸ் என்ற பெயர் இருக்கிறது. ஜன்னலில் உள்ள செடிக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். நான் சொன்னால் அது அம்மா சொன்னதாகுமா, அல்லது அவளைக் காட்டிக்கொடுத்ததாகுமா என்று எனக்குத் தெளிவாகவில்லை. தெளிவாகவில்லை என்பதும் இன்னொரு அழகான வாக்கியம்தானோ என்று பயமாக இருக்கிறது.

ரோஸ்விதா எல்லர்ஸுக்கு இப்போது எண்பது தாண்டியிருக்கும். அவருடைய கணவர் கடைசியாகச் சொன்னது இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.