ஒரு வேப், நான்கு வாய்

மெற்றில்டா அக்கா கடைக்குள் வந்து, கணவரின் வேப்பை, அதாவது சிகரெட்டுக்குப் பதிலாக இழுக்கும் மின்சிகரெட்டை, மேசையில் வைத்தார். அன்று செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. பாரிசின் லா சப்பலில் வேப் கடையில் நிற்கத் தொடங்கிய நாளிலிருந்தே இப்படி நாளும் நேரமும் குறித்து வைப்பது என் பழக்கம்.

"தம்பி, இந்த மெசின் பொய் சொல்லுதோ, இந்த மனுசன் பொய் சொல்லுறாரோ? எனக்கு இண்டைக்குத் தெரியோணும்."

பின்னால் அவர் கணவர் யூட் அண்ணை நின்றார். ரூ காய் தெருவில் ஒரு சாப்பாட்டுக்கடையில் சமையல்காரர். எத்தனை முறை இழுத்தார் என்று காட்டும் பஃப் கவுண்டரில், முந்தைய நாள்களின் பக்கத்தைத் திறந்தேன். ஞாயிறு: 312.

"நான் நூறைத் தாண்டேல்லையப்பா," என்றார் அண்ணை.

"அப்ப மிச்சத்தை ஆர் இழுத்தது, பேயோ? மாத முடிவுக்குள்ளை நூறுக்கு இறங்காட்டி இது குப்பைக்குத்தான்."

அக்கா வெளியே போனதும் அண்ணை குரலைத் தாழ்த்தினார். "ஒன்பது கிழமையா ஒரு சிகரெட்டும் பத்த வைக்கேல்லை தம்பி. இதைப் பறிச்சால் திரும்ப அங்கைதான் போய் நிப்பன்."

முதலில் மெசினைத்தான் சந்தேகித்தேன். சில வேப்களில் சென்சர் பழுதானால் யாரும் இழுக்காமலே எண்ணிக்கை ஏறும். உள்ளே லிக்கிட்டை, அதாவது நிக்கொட்டின் திரவத்தை, சூடாக்கும் கொயிலை மாற்றிப் பார்த்தேன். பிறகு அதே மாடலில் புதியதொன்றைக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை அதுவும் 297 காட்டியது. மெசினில் பிழை இல்லை.

பிறகு ஒரு தாளில் கோடு போட்டுக் கொடுத்து, தினமும் படுக்கப் போகும்முன் எண்ணை எழுதச் சொன்னேன். ஒரு கிழமை கழித்துத் தாள் வந்தது. எல்லா நாளும் முந்நூறுக்குக் கிட்ட. திங்கள் மட்டும் 71.

"திங்கள் நான் வீட்டிலை நிக்கிறன். அந்தப் பயம்," என்றார் அக்கா.

திங்கள் சாப்பாட்டுக்கடைக்கும் விடுமுறை. எனக்கு அதுதான் உறுத்தியது. வியாழன் மூன்று மணிக்கு, மதியச் சாப்பாடு முடிந்த நேரம் பார்த்து, அந்தக் கடையின் பின்முற்றத்துக்குப் போனேன்.

குசினிக் கதவடியில் ஓர் ஆணி. அதில் கயிறு கட்டி அண்ணையின் வேப் தொங்கியது. கொத்துரொட்டி போடுகிறவர் வந்து இரண்டு இழுவை இழுத்தார். கோப்பை கழுவுகிறவர் வாயைச் சட்டைக் கையில் துடைத்துவிட்டு மூன்று இழுத்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் காத்து நின்றார். யூட் அண்ணையோ உள்ளே வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, இதென்ன கோயில் மணியோ, வாறவன் போறவன் எல்லாம் அடிக்க?"

அவர் கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தார். "ஒரே குசினியிலை நிக்கிறம். கேட்டா இல்லையெண்டு சொல்லுறதே தம்பி? சிகரெட்டையும் அப்பிடித்தானே மாறிமாறிக் குடிச்சனாங்கள்."

"உங்கடை பெயரிலைதானே எல்லாம் ஏறுது?"

"ஓம்... அதை நான் யோசிக்கேல்லை."

அக்காவிடம் நானே சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் கதிரையில் இருந்தபடியே கண்ணீர் வரும்வரை சிரித்தார். "முழுக் குசினிக்கும் சேர்த்து இவருக்கு ஏச்சுக் குடுத்திருக்கிறன், என்ன?"

அன்று மாலையே குசினியின் மற்ற மூவரும் என் கடைக்கு வந்து ஆளுக்கொரு வேப் வாங்கிக்கொண்டார்கள். ஆணி வெறுமையானது. அடுத்த கிழமைத் தாளில் 92, 88, 90, 79. மாதம் முடிய இன்னும் ஆறு நாள் இருந்தது. குப்பை என்ற பேச்சை அக்கா பிறகு எடுக்கவில்லை. அண்ணையும் சிகரெட்டுக்குத் திரும்பவில்லை.

பஃப் கவுண்டரால் பயனுண்டா என்று கடையில் வேலைக்குப் புதிதாகச் சேரும் பிள்ளைகள் கேட்பார்கள். உண்டு. ஆனால் நீள இழுவையும் குட்டி இழுவையும் அதற்கு ஒன்றுதான். லிக்கிட்டில் எவ்வளவு நிக்கொட்டின் என்பதும் அதற்குத் தெரியாது. ஒரே ஆள், ஒரே லிக்கிட், கூடவே ஒரு தாள் இருந்தால் அது நல்ல துணை. எண்ணிக்கை ஏறுகிறது என்று யாராவது வந்தால் நான் இப்போது மெசினைக் கழற்றுவதில்லை. "இது உங்களுக்கு மட்டுந்தானோ?" என்று முதலில் கேட்கிறேன். பாதிப்பேர் கூரை முகட்டைப் பார்த்துவிட்டு, "கூட்டாளிமாரும் இடைக்கிடை இழுப்பினம்" என்பார்கள்.